மலைக்கு பில் கேட்டவர்

லாரி பின்பக்கத்தைத் தூக்கி ஜல்லியைக் கொட்டி முடிப்பதற்குள் அந்த அம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டார். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். பிறகு ஓட்டுநரை நிமிர்ந்து பார்த்தார்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“கிரஷர்லேர்ந்துதான் மேடம்.”

“கிரஷருக்கு?”

“மலையிலேர்ந்து.”

“மலை இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “போன வாரம் பாத்தப்ப பாதி இருந்துச்சு மேடம். இப்ப தெரியல.”

அம்மாள் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். மணல் வந்தால் எந்த ஆறு, பலகை வந்தால் எந்தக் காடு, கம்பி வந்தால் எந்தச் சுரங்கம் என்று கேட்காமல் ஒரு பொருளும் அவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு ‘எங்கேர்ந்தம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பிறந்த பெயர் ஒரே வருடத்தில் முகத்துக்கு நேராகவே புழங்கத் தொடங்கியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னாவது எனக்குத் தெரியும்” என்பார்.

ஐம்பத்தோரு வயது. படிப்பு சிவில் இன்ஜினியரிங். கைப்பையில் சீப்பு, மாத்திரை, சிறிய சுத்தியல். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், அது கல்யாண வீடாகவே இருந்தாலும், விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் கட்டுமான நிறுவனத்தில் அவருக்குப் ‘பசுமை அதிகாரி’ என்று பதவி. நான் அதே நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதுகிறவன். அவர் போய்ப் பார்த்துச் சொல்வதை நான் பார்க்காமலேயே சொல்வேன். சம்பளம் எனக்குத்தான் கொஞ்சம் கூட.

பசுமை என்பது எங்கள் துறையில் மதிப்பெண் சமாச்சாரம். சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் ஒரு மதிப்பெண். ஆகவே எங்கள் தலைமை அலுவலகத்தில் நாற்பது சைக்கிள் நிற்கும் கொட்டகை ஒன்று உண்டு. சைக்கிளில் வருகிறவர் ஒருவரும் இல்லாததால், பாவம் சும்மா கிடக்கிறதே என்று அதில் டீசல் ஜெனரேட்டரை வைத்தார்கள். சூரிய வெளிச்சத்தை உள்ளே வரவழைத்தால் இரண்டு மதிப்பெண். நாலு பக்கமும் கண்ணாடி போட்டார்கள். வெளிச்சம் தனியாக வராமல் வெயிலையும் கூட்டிக்கொண்டு வந்தது. வெயிலுக்குத் திரை போட்டார்கள். திரை போட்டதும் இருட்டாகிவிட்டது, விளக்கு போட்டார்கள். புழுக்கத்துக்கு ஏசி போட்டார்கள். “வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதை” என்றார் அம்மாள். அந்த அலுவலகத்துக்கு உயர்ந்த தரச் சான்றிதழ் கிடைத்தது. வாசலில் மாட்டியிருக்கிறோம்.

முதலாளி கெட்டவர் அல்ல. கெட்டவராக இருக்க அவருக்கு நேரமில்லை. மேடை கிடைத்தால் ‘இயற்கை நம் தாய்’ என்று தொடங்குவார். தாயிடம் பிள்ளைகள் எதையும் விலை கொடுத்து வாங்குவதில்லை என்பதால் அந்த உவமை தொழிலுக்கும் பொருத்தமாக இருந்தது. ஒருநாள் செலவு மதிப்பீட்டுக் கூட்டத்தில் அம்மாள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இதுல மலைக்கு பில் எங்க?”

“ஜல்லிக்குப் போட்டிருக்கேம்மா.”

“உடைச்ச கூலி போட்டிருக்கு. லாரி வாடகை போட்டிருக்கு. மலைக்கு ஒண்ணுமே போடலியே?”

முதலாளி சிரித்தார். “மலை யாருக்கும்மா பில் அனுப்பும்?”

“அதத்தான் சார் சொல்றேன். பில் அனுப்பத் தெரியாதவங்களாப் பாத்துதான் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டிருக்கோம்.”

கூட்டம் கலகலவென்று சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். கவனித்துவிட்டு நானும் சிரித்தேன்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஏழு கதவுகள், ஏழும் இடித்த ஏழு கட்டடங்களிலிருந்து வந்தவை. ஒன்றோடொன்று உயரம் ஒத்துப்போகாது. சமையலறைக்குள் நிமிர்ந்து போகலாம், படுக்கையறைக்குக் குனிய வேண்டும். குளியலறைக் கதவில் பித்தளைத் தகடு: ‘மேலாளர். முன் அனுமதி பெற்று உள்ளே வரவும்.’ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் அந்தத் தகட்டைத் தினமும் துடைத்து வைக்கிறார். “வீட்ல நான் மேலாளரா இருக்கற ஒரே இடம் இதுதான்” என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கையெழுத்தைக் கேட்டார்கள்.

ஊருக்கு நடுவில், பெரிய சாலையை ஒட்டி, செவிலியர் விடுதியாக இருந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை முதலாளி வாங்கியிருந்தார். நாற்பது வருடக் கட்டடம். அதை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடியில் ஒரு பசுமைக் கோபுரம். ‘இயற்கையின் மடியில் பன்னிரண்டு மாடி’ என்று நான் வாசகமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இயற்கையின் மடி எவ்வளவு தாங்கும் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு வரி இடறியது: ‘தற்போதுள்ள கட்டடம் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது.’ அதற்குக் கீழே பசுமை அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

அம்மாள் விடுதிக்குப் போனார். வழக்கம்போலத் தட்டிப் பார்த்தார். தட்டியதோடு நிற்காமல் தூண்களில் துளைபோட்டு, உருளை உருளையாகக் கான்கிரீட் துண்டுகளை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இயந்திரத்தில் வைத்து நசுக்கினார்கள். துண்டு லேசில் நசுங்கவில்லை. அன்றைய வரைபடத்தில் கேட்டிருந்த பலத்தைவிட அதிகமாகவே தாங்கியது. அறிக்கையோடு முதலாளியின் அறைக்குப் போனார். விளம்பரத் தாளைக் காட்ட நானும் அங்கே காத்திருந்தேன்.

“சார், கட்டடம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. இடிச்சா நானூறு லாரி இடிபாடு. அதக் கொட்ட ஒரு பள்ளம் வேணும், புதுசுக்கு இன்னொரு மலை வேணும். புதுக் கட்டடம் வருஷா வருஷம் மிச்சம் பிடிக்கிற மின்சாரத்த வச்சு இந்தச் சேதத்த ஈடுகட்ட நாப்பத்தோரு வருஷம் ஆகும்.”

“நாப்பத்தோரு வருஷமா? அப்ப நமக்கு டைம் இருக்கே!” என்றார் முதலாளி, உண்மையான நிம்மதியோடு.

“இருக்கறத வச்சுக்கிட்டே மேல இரும்புல இலேசா ரெண்டு மாடி போடலாம் சார். அஸ்திவாரம் தாங்கும். கணக்குப் போட்டிருக்கேன்.”

“மூணும் ரெண்டும் அஞ்சும்மா. நான் கேக்கறது பன்னெண்டு.”

“அந்த வரிய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. தூணு பொய் சொல்லல. நான் ஏன் சொல்லணும்?”

முதலாளி பேனாவை மூடி வைத்தார். குரல் உயரவில்லை. யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அவருடைய கணவரே பின்னால் எனக்குச் சொன்னார். “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வாயேன். ஊர்ல எல்லாரும் போடறாங்க” என்றாராம் இவர்.

“கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கு நீங்க பவர் கண்ணாடி எழுதிக் குடுப்பீங்களா?”

கணவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். “வேற ஏதாவது கேளேன்.”

அம்மாள் போடவில்லை. வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். மெத்தப் படித்தவர். காரை விட்டு இறங்காமலேயே கட்டடத்தில் நீளமான விரிசல் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது சுவரில் படர்ந்து காய்ந்துபோன கொடி. விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்தது.

தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ‘பொருள் சேமிப்பில் பசுமை’ என்றொரு புதிய பிரிவை உண்டாக்கி, ஊருக்கு வெளியே டைல்ஸ் கிடங்குக்கு அம்மாளை அனுப்பினார்கள். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, இரண்டாயிரம் அட்டைப்பெட்டி. டைல்ஸைப் படம் பிடிக்க நான் போனபோது உடைந்த துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தொழிலாளர் குடியிருப்புக் கழிவறைகளுக்குப் பதிக்கலாமாம்.

“எப்படி இருக்கீங்க மேடம்?” என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

“நல்லாத்தான் இருக்கேன்.” அடுக்கின துண்டை எடுத்துத் துடைத்தார். அதையே மறுபடியும் துடைத்தார். “காலையில எழுந்து தலை சீவும்போதுதான் ஒரு மாதிரி இருக்கு. எதுக்குச் சீவறோம்னு. நாமதான் தப்பாக் கணக்குப் போட்டுட்டோமோன்னு திரும்பத் திரும்ப மனசுக்குள்ள போட்டுப் பாக்கறேன். நாப்பத்தொண்ணுதான் வருது.” துண்டை அடுக்கில் வைத்துவிட்டு, “எப்ப இடிக்கறாங்க?” என்றார்.

“வர்ற திங்கக்கிழமை.”

தலையாட்டினார். நான் டைல்ஸைப் பளபளப்பாகப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை இடிக்கும் இயந்திரம் வந்தது. முதல் நாள் சுற்றுச்சுவரை மட்டும் தள்ளியது. செவ்வாய்க்கிழமை அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. அந்தச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். இனிமேல் புதிதாகக் கட்டுகிறவர்கள் சாலையிலிருந்து அறுபதடி தள்ளித்தான் கட்ட வேண்டும், ஐந்து மாடிக்கு மேல் கூடாது. ஏற்கெனவே நிற்கிற கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு. இடித்தால் முதலாளிக்கு மிஞ்சுவது ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு காவலாளி அறையும்தான்.

ஞானம் அரசமரத்தடியில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. முதலாளிக்கு அரசாணையின் அடியில் பிறந்தது. “எவ்வளவு நல்ல கட்டடம்! இத இடிக்கறதாவது! எவன்யா சொன்னது?” என்று அறை அதிர்ந்தது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். அம்மாளின் அறிக்கையைத் தேடினார்கள். அது கிடைக்கவில்லை. ஒருபக்கம் அச்சான தாள் எதையும் எறியக் கூடாது, பின்பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் என்று விதி போட்டவரே அம்மாள்தான். எங்கள் அலுவலகம் கடைப்பிடித்த ஒரே பசுமை விதி அது. தேடிக்கொண்டிருந்தவர்களை வேடிக்கை பார்த்த எனக்கு எதுவோ உறுத்தியது. என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் ‘இயற்கையின் மடியில் பன்னிரண்டு மாடி’. திருப்பினால் தூண்களின் பலம், நானூறு லாரி, நாற்பத்தோரு வருடம். மூன்று மாதமாக அவருடைய அறிக்கையின் முதுகில்தான் நான் கவிதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிடங்குக்குக் கார் போயிற்று. அம்மாள் வந்தார், சேலையில் டைல்ஸ் தூசியோடு.

“வாங்கம்மா, வாங்க! பாத்தீங்களா, நாம எடுத்த முடிவு எவ்வளவு சரின்னு?”

“நாமளா சார்?” என்றார் அம்மாள். பிறகு, “ஆமா. நாம” என்றார். அவ்வளவுதான். பழி வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது, ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “தள்ளின சுத்துச்சுவர்க் கல்ல எங்க கொட்டினீங்க? நல்ல கல்லு சார் அது. எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

எடுத்துவந்தார்கள். எட்டு மாதத்தில் விடுதிக்கு வெள்ளை அடித்து, மேலே இரும்பில் முதல் மாடியை நிறுத்தி, அடுத்ததற்குச் சட்டம் கட்டிவிட்டார்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் காத்ததற்காக முதலாளிக்கு ஒரு விருது வந்தது. விழாவைக் கட்டட வாசலிலேயே வைத்தோம். முப்பதடி அகலத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர். ஒரு பெரிய இலைக்கு நடுவில் முதலாளி சிரிக்கிறார். ‘இடிக்காத இதயம்’ என்று கீழே வாசகம். எழுதியது அடியேன். நன்றியுரையில் அம்மாள் பதினொன்றாவதாக வந்தார், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு அடுத்தபடி. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்த மேஸ்திரி, “என்ன மேடம், உங்களுக்கும் சேத்து நீங்களே தட்டிக்கறீங்களா?” என்றார்.

“கட்டடத்துக்குத் தட்டறேன் மேஸ்திரி. அது நிக்குதுல்ல.”

விழா முடிந்து கார்கள் கிளம்பின. பிற்பகல் நாலு மணிக்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. அடுத்த மாடிக்காக இறக்கியிருந்த அறுபது மூட்டை சிமெண்டு வெட்டவெளியில் கிடந்தது. மூடுகிற தார்ப்பாய் விழா மேடைக்கு அடியில் விரிக்கப்பட்டு, எல்லோரும் மிதித்துக் கிழிந்திருந்தது. அம்மாள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், பிறகு பேனரைப் பார்த்தார்.

“மேஸ்திரி, அதக் கழட்டுங்க.”

“மேடம், சாரோட படம்...”

“மொத சொட்டு விழுந்துடுச்சு. பிடிங்க அந்த முனைய.”

நாலு பேர் சேர்ந்து இழுத்து மூட்டைகளின் மேல் விரித்தார்கள். படம் மேல்பக்கமாக, முதலாளி வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தார். அம்மாள் நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தார். காற்று அடியில் புகுந்து நடுவில் உப்பியது. அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இருப்பதில் கனமான கல்லாக ஒன்றைத் தூக்கிவந்து, இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்கு இருக்கும் இடமாகப் பார்த்து வைத்து, அசைகிறதா என்று ஒருமுறை காலால் அழுத்தியும் பார்த்தார்.