காமாட்சி விளக்கை வைத்த இடம்

லைட்டுக்குக் காசே இல்லாத படத்தில் இயல்பான வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது என்று கேமரா உதவியாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். என்னைப் போய்க் கேட்கிறார்களே என்று பாவமாக இருக்கும். வன்னியம்பட்டியில் நடந்ததைச் சொல்கிறேன்.

சின்னப் படம், நான்தான் கேமராமேன். கையில் இரண்டு எல்.இ.டி., லைட்டின் மேல் சுற்ற கொஞ்சம் ஆரஞ்சு ஜெல் தாள், வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல். முத்துலட்சுமி அக்கா தன் வீட்டைப் படப்பிடிப்புக்காக எங்களிடம் விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தார். உள்ளறை இருட்டில் கதாநாயகி உட்கார்ந்திருக்கும் சீன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது ஃப்ரேமில் தெரிய வேண்டும். அதைத்தான் சோர்ஸ் என்போம்.

காமாட்சி விளக்கை ஏற்றிச் சுவரோரம் வைத்து, ஜெல் சுற்றிய எல்.இ.டி.யை அதன் பின்னால் ஒளித்தேன். மேலே ராணுவ உடையில் ஒரு பையனின் போட்டோ. கண்ணாடியில் சுடர் அழகாக விழுந்தது. சட்டம் மொட்டையாகத் தெரிந்ததால், காலையில் கேமரா பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சாமந்திச் சரத்தை எடுத்து அதில் மாட்டினேன். மானிட்டரைப் பார்த்து என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அது அக்காவின் மகன் செல்வம். உயிரோடு, காஷ்மீரில் டூட்டியில் இருந்தான். நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையம். போட்டோவுக்கு மாலையும் விளக்கும் எப்போது வைப்பார்கள் என்று தெரியாதவனா? மானிட்டரில் எனக்கு அது விளக்காகத் தெரியவில்லை. சோர்ஸாகத்தான் தெரிந்தது.

அக்கா திரும்பி வந்து உள்ளறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பை கீழே விழுந்தது.

"போன் எதுவும் வந்துச்சா?"

"இல்லக்கா. சும்மா வெளிச்சத்துக்காக..."

"வெளிச்சத்துக்காவா தம்பி எம்புள்ளைக்கு மாலை போட்டிய?"

செல்வத்துக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். நான் சரத்தை உருவிவிட்டு, விளக்கை அணைக்கக் குனிந்து கன்னத்தை உப்பினேன்.

"ஏலே, வாயால ஊதாத. அது இன்னும் கேடு" என்றார் டைரக்டர் மெதுவாக. ஊதவும் முடியாமல் விடவும் முடியாமல் தவளை மாதிரி நின்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

போன் அடித்தது. "குளிச்சிட்டு இருந்தேம்மா. என்ன இத்தன தடவ?"

"ஒண்ணுமில்லய்யா. சாப்ட்டியா?" அவ்வளவுதான் கேட்டார்.

போட்டோவைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். நாங்கள் மூட்டை கட்டும்வரை உள்ளே வரவில்லை.

படம் பார்த்தவர்கள் அந்த சீனின் வெளிச்சத்தைப் புகழ்கிறார்கள். சுவரில் வெளுத்த ஒரு சதுரம் தெரிகிறதே, எம்புட்டு இயல்பு என்கிறார்கள். நான் தலையாட்டிக்கொள்கிறேன். விளக்கு வைக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு பட்ஜெட் தேவையில்லை.