அம்மாவுக்காகத் தொட்ட துணி

மதுரையில் இன்று அம்மாவோடு ஒரு துணிக்கடையின் கிறிஸ்துமஸ் தள்ளுபடிக்குள் நுழைந்தேன். கஞ்சியும் அந்துருண்டையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியதுமே, சின்ன வயதில் அம்மாவோடு போன, இப்போது செல்போன் கடையாகிவிட்ட சிவகாசித் துணிக்கடையும், அதன் வாசலில் பொறுமையில்லாமல் ஹாரன் அடிக்கும் பட்டாசுக் கம்பெனி வேனும் நினைவுக்கு வந்தன.

அந்தக் கடையில், தீபாவளிக்கு விற்காமல் தங்கிய சேலைகளையும் நைட்டிகளையும் டிசம்பரில் காகித நட்சத்திரத்துக்குக் கீழே குவித்திருப்பார்கள். வேலை முடிந்து எங்கள் ஊர் தாயில்பட்டிக்குத் திரும்பும் வழியில் வேனிலிருந்து இறங்கும் அம்மாவும் மற்றப் பெண்களும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் பட்டாசு மருந்தின் வெள்ளி நிற அலுமினியத் தூள் போகாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

"கை படாமப் பாருங்கக்கா, வெள்ளி ஒட்டுனா யாரு வாங்குவாக?" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து நிற்கும் என் கைதான் அம்மாவுக்குக் கை.

"அந்த ஊதாவத் தொட்டுப் பாருடி. நைலான்னா நாளைக்கு உள்ள விடமாட்டாக."

நைலான் உரசினால் பொறி பறக்கும் என்று கம்பெனியில் காட்டன் சேலைக்கு மட்டும்தான் அனுமதி. ஹாரன் அலற அலற நான் தடவிப் பார்ப்பேன். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் உள்ளங்கை வியர்க்கும், வியர்த்த கைக்கு எல்லாத் துணியும் ஒன்றுபோலவே இருக்கும்.

அம்மா அந்த வேலையை விட்டு இப்போது பல வருஷமாகிறது. விரல்கள் சுத்தமாக இருக்கின்றன.

"எடுத்துப் பாருங்கம்மா," என்று மதுரைக் கடைப்பெண் ஒரு சேலையை நீட்டினாள்.

அம்மா ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்,

"நீ தொட்டுப் பாருடி," என்றாள்.