அரசி ஓம் சொல்லக்கூடாதாம்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போர்க் காலம் அது. கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நாடகம் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் வெளிக்கிடும்போது சித்தி ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொல்வார்:

"பஸ்ஸுக்குள்ள வாயைத் திறக்காதை பிள்ளை. ஆரும் ஏதும் கேட்டால் தலையை ஆட்டு. ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஓம் என்போம். அந்த ஒரு சொல் போதும், நாங்கள் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க. காலி வீதிச் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, வாயை இறுக்கிக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறுவேன். வகுப்புக்குள் போனபிறகுதான் மூச்சே வரும்.

ஆண்டு முடிவில் ஒரு பழைய ஆங்கில நாடகத்தை மேடையேற்ற வேண்டும். நடிப்புக்குப் புள்ளி உண்டு. அரசி வேடம் எனக்குக் கிடைத்தது. ஆஹா, எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை! குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வசனங்களைப் பாடமாக்கினேன். அரசனுக்கு நஞ்சு வைக்கிறவள் அந்த அரசி. இந்தக் கதை பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் பொலிஸ் வந்துவிடும் என்று சித்திக்குப் பயம்.

ஒத்திகையில் அரசன் என்னிடம், "கோப்பையில் நஞ்சு கலந்தது நீயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் நிமிர்ந்து நின்று, "ஓம், மை லோர்ட்" என்றேன்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். நாள் முழுக்க அடக்கி வைக்கிற சொல் எங்கேயாவது வெளியில் வரத்தானே செய்யும்? விரிவுரையாளர் சிரிக்கவில்லை. அவரும் யாழ்ப்பாணத்தார்தான். ஆனால் தமிழில் ஒரு வார்த்தை கதைத்து நாங்கள் கேட்டதில்லை.

"அதென்ன சத்தம்?" என்றார் ஆங்கிலத்தில்.

சத்தமாம்! தன் தாயிடம் என்ன சொல்லி வளர்ந்தவராம் இவர்?

அடுத்த நாள் வேடம் கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்திக்குப் போய்விட்டது. கொன்வென்ட்டில் படித்தவள், நல்ல பிள்ளை, அவளில் எனக்குக் கோபமில்லை. எனக்கு என்ன வேலை தெரியுமா? திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. என் உச்சரிப்பு மேடைக்குச் சரிவராதாம். ரோட்டில் ஆமிக்காரன் என் நாக்கைச் சோதித்தது காணாதென்று, உள்ளே இவரும் சோதித்தார். "அப்ப என்ர நடிப்புப் புள்ளி, சேர்?" என்று கேட்டேன். அதைப் பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டார்.

மேடையேறிய நாள் மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் அரசி தனியே நின்று பேசிவிட்டுச் சாக வேண்டும். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. முதல் அடியை மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அசையவில்லை. இரண்டாவதைக் கொடுத்தேன். பாவம், என் பக்கமே பார்த்தாள்.

எனக்குள் இருந்த அத்தனை ஆத்திரமும் தொண்டைக்கு வந்தது. புத்தகத்தை மூடினேன். அரசியின் பேச்சு முழுவதையும், என் ஊர் உச்சரிப்பிலேயே, கடைசி வரிசைக்குக் கேட்கச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, என் குரலுக்குக் கையை நீட்டி, முழந்தாளிட்டு, செத்து விழுந்தாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

விரிவுரையாளர் திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"உன் குரல் வெளியில் கேட்டது!" என்றார் ஆங்கிலத்தில்.

"கேக்கத்தானே சேர் சொன்னனான்."