எட்டும் நிறைந்துவிட்டது

புரோகிராம் எழுதுகிறவள் எட்டு டீ கோப்பைகளுக்குப் பாடம் நடத்தி அழுதாளாம். கேன்டீனில் புறப்பட்ட செய்தி லிஃப்டில் ஏறும்போதே கை கால் முளைத்து, மேல்மாடி வந்து சேர்கையில் அவள் கோப்பைகளை வீசி உடைத்ததாகவும் ஆகியிருந்தது. விசாரித்தால், கோப்பைகள் முழுசாகத்தான் இருக்கின்றன. உடைந்தது வேறு.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி ரத்தம் பாதுகாக்கும் குளிர்பெட்டி செய்கிறது. பெட்டிக்கு எட்டு வெப்ப சென்சார். அவற்றுக்குக் கம்பி இழுத்து முறுக்குகிறவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். அவள் தங்கியிருப்பதும் அவர் வீட்டு முன்னறையில்தான்.

ஒரு ஆஸ்பத்திரியில் பெட்டி சூடேறியபோது, அலற வேண்டிய அலாரம் அலறாமல் திரையே இருண்டுபோனது. கம்பியா, புரோகிராமா என்று மேனேஜர் கேட்டார். "புரோகிராம்ல தப்பு வர வாய்ப்பே இல்ல சார்" என்றாள், தலையை நிமிர்த்தி. அந்த நிமிர்வு நேராக அத்தான் தலையில் விழுந்தது. கம்பி ஒன்று தளர்ந்திருந்ததும் உண்மை. வெள்ளிக்கிழமையோடு அவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்புவதென்று முடிவானது.

அவள் திமிருக்குக் காரணம் உண்டு. அவள் புரோகிராம் எழுதும் மொழி மாமியார் மாதிரி. வரிசையின் நீளம் எட்டு என்று ஒருமுறை சொன்னால் எட்டுதான். ஏழரையைக் கூட்ட முடியாது. ஒரே வேலையை இரண்டு தடவை எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் எந்த நீளத்து வரிசைக்கும், எந்த வகைப் பொருளுக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக ஒன்றை எழுதி வைத்திருந்தாள்: ஒவ்வொன்றாக எடு, வேலையைச் செய், அதே நீளத்துப் புது வரிசையில் உட்கார வை. வேகத்துக்காக ஒரே ஒரு இடத்தில், எழுதியதையெல்லாம் சரிபார்க்கும் கம்பைலரிடம், "நீ கண்ணை மூடிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த மொழியில் அதற்கு அனுமதி உண்டு.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கக் கூடாதா? மனுஷன் சாப்பிடாமப் போறாரு."

"நான் கம்பின்னு சொல்லலக்கா."

"தப்பு உன்னுது இல்லன்னா யாருது? பக்கத்து வீட்டுக்காரனுதா?"

மத்தியானம் கேன்டீனில் ஒரு தட்டில் எட்டுக் கோப்பைகளை அடுக்கி, புரோகிராமின் படிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக டீ ஊற்றினாள். ஐந்தாவதில் கை நின்றது. தளர்ந்த கம்பி தாறுமாறான அளவை அனுப்பினால் வேலை இப்படித்தான் பாதியில் நிற்கும். நின்றால்? மொழி அந்த வரிசையைக் காலி செய்யும். ஆனால் அவளோ கண்ணை மூடச் சொன்ன அந்த இடத்தில், ஊற்றத் தொடங்கும் முன்பே 'எட்டும் நிறைந்துவிட்டது' என்று சத்தியம் செய்திருந்தாள். ஊற்றாத கோப்பையையும் நிறைந்ததாக நம்பி மொழி கவிழ்க்கப் போகும். அங்கே கிடப்பது ஏதோ பழைய குப்பை. அதைப் பிடித்துக்கொண்டு நினைவகத்தில் அடுத்தவன் இடத்தில் கைவைக்கும். அலாரம் வாய் திறப்பதற்குள் மொத்தப் புரோகிராமும் சுருண்டு விழும். எதுவரை நிரப்பினோம் என்று ஒரு எண்ணிக்கை வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

அப்போதுதான் அழுதாள்.

"எம்மா, டீய ஊத்துறியா, கண்ணீர ஊத்துறியா? பின்னால ஆளு நிக்குது" என்றார் கேன்டீன்காரர்.

மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"தப்பு என்னுது சார்."

"கம்பி லூசா இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு, அஞ்சாவது. ஆனா கம்பி லூசாகும்னுதானே சார் அலாரமே வெச்சிருக்கோம்!"

"ஆஸ்பத்திரிக்குக் கம்பின்னு சொல்லியாச்சு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. புரோகிராம்னு வெளிய தெரிஞ்சா வித்த பெட்டியெல்லாம் திரும்பி வரும். அப்புறம் நீ, நான், யாருக்கும் இங்க நாற்காலி இல்ல. சத்தம் போடாம சரி பண்ணும்மா."

"அத்தான்..."

"அவரை அனுப்புற ஆர்டர்ல கையெழுத்து ஆயிடுச்சு."

சரி செய்தாள். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் வீட்டில் அத்தான் குறடுகளைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. எட்டும் என் கையால முறுக்கினது. எது கழண்டுச்சு?"

சொன்னால் அந்த எண்ணோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். மீதியும் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்காவும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துச் சொல்றேன் அத்தான்."

"சரி. மெதுவாவே சொல்லு."

அப்புறம் அவர் கேட்கவில்லை. காலையில் அவள் செருப்பு மாட்டும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார். அவள் இன்னும் சொல்லவில்லை.