ஒரு வெள்ளி மருத்துவம்

மலேசியாவில் கிள்ளான் நகரத்து வெயிலில், அரசு மருத்துவமனையிலிருந்து வெளியேறி நடந்துகொண்டிருந்தேன். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, புடைத்த அடிவயிற்றை அழுத்தியபடி. பார்ப்பவர்களுக்குச் சாவகாசமாக உலாவுபவன்போலத் தெரிந்திருக்கும். எனக்குக் குடலிறக்கம். சிமெண்ட் மூட்டை தூக்கி வந்தது. அறுவை சிகிச்சை செய்யாமல் இனியும் தூக்கினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பணம் கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரும் தமிழர்தான். இந்த நாட்டிலேயே பிறந்தவர். ஐசி என்னும் அடையாள அட்டையை நீட்டி, ஒரு வெள்ளி கட்டிச் சீட்டு வாங்கினார். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். என்னிடம் கேட்டது வெளிநாட்டவர் கட்டணம். அறுவை சிகிச்சைக்கான முன்பணமே என் பல மாதச் சம்பளம். நான் விழிப்பதைப் பார்த்து அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்.

“ஐசி கொண்டு வரலியா தம்பி? வீட்டுக்குப் போயி எடுத்திட்டு வாங்க. எடத்த நான் பாத்துக்கிறேன்.”

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனிதர். ஆனால் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. அவர் வீட்டார் முன்பே கப்பலேறிவிட்டார்கள். நான் பிந்திவிட்டேன், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய பொறாமை திண்டிவனத்தில் இருக்கும் என் தம்பி ஏழுமலைமேல். அங்கே இருவரும் ஒன்றாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை சுமந்தவர்கள். ஒரே ஊரில் தேங்கிக் கிடக்கிறாய் என்று அவனைக் கேலி செய்துவிட்டு, எட்டாவதோடு படிப்பை விட்ட நான் ஊர் ஊராகச் சுற்றினேன். போன வருடம் அவனுக்கும் இதே நோய். பஸ் ஏறி விழுப்புரம் போனான். அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் சரிசெய்து அனுப்பினார்கள். அவன் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரையைச் செவிலியர் வீடு தேடி வந்து கொடுக்கிறார். எனக்கு வயிறு எரியாதா?

பேருந்து நிறுத்தத்திலிருந்து அவனை அழைத்தேன். மலேசியா டாக்டர்தான் டாக்டர் என்று நான் முன்பு அளந்ததை முதலில் ஞாபகப்படுத்தினான். பிறகு குரல் தணிந்தது.

“எதுக்குண்ணா வலிய பொறுத்துக்கினு கீற? ஜல்தியா வந்துடு. இங்க வந்து படுத்தா போதும், மத்தத அவங்க பாத்துப்பாங்க.”

வந்து படுத்தால் போதும். ஆனால் இப்போது போனால் இங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் ரத்தாகிவிடும். அது முடிய இன்னும் ஏழு மாதம். தம்பி முன்னால் வெறுங்கையோடு போய்ப் படுக்கவும் மனம் வரவில்லை. முதலாளியிடம் இனி மூட்டை தூக்க முடியாது என்றேன். அரைச் சம்பளத்துக்குத் தன் பார்சல் கடையில் உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். ஊருக்குப் போகும் பெட்டிகளில் விலாசம் எழுத வேண்டும். முதல் பெட்டி மயிலத்துக்கு. மேலே அனுப்புநர், கிள்ளான். கீழே பெறுநர், விழுப்புரம் மாவட்டம். எழுதி முடித்து மெல்ல நகர்த்தினேன். வேறொருவன் தூக்கிக்கொண்டு போனான்.