பென்சில் அழித்த முத்துகள்

"இங்கிலீசுக் கதைப் புஸ்தகத்தப் படிச்சு என்னத்தக் கண்டே? ஒனக்கு அதுல ஒரு எழவும் வெளங்காது" என்று சித்தப்பா ஒரு தடவை சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பக்கத்தைப் புரட்டினேன்.

அது ஓர் அழகான இளைஞனின் கதை. அவன் செய்யும் பாவமெல்லாம் அவனை வரைந்த படத்தில் போய்ப் படியும். படம் கிழடு தட்டும், கோரமாகும். அவன் முகம் மட்டும் அப்படியே இருக்கும். இப்படியும் நடக்குமா? நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன் – போன வாரம் வரை.

எனக்கு அரிமளத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் போட்டோ கேட்டார்கள். புதுக்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்தோம். சிறு வயதில் வந்த பெரியம்மை என் கன்னமெல்லாம் வடுவாக நிற்கிறது. படத்திலோ ஒரு வடு இல்லை! ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் வைத்து அழித்துவிட்டார். கல்யாணப் படமென்றால் எல்லாருக்கும் செய்வதுதானாம்.

எனக்குப் பிடித்துப்போனது. மறைப்பானேன்? எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர், "நெசமா நீங்கதானா?" என்று கேட்டார். வடுவெல்லாம் இப்போது மங்கிவிட்டது என்று கூசாமல் சொன்னேன்... அவர் என் கன்னத்துக்கு நேரேதான் நின்றிருந்தார்.

அம்மா படத்தைப் பார்த்துப் பதறினாள். எங்கள் பக்கம் அம்மை வடு என்றால் மாரியாத்தா போட்ட முத்து.

"அவ போட்டத அழிக்க இவன் யாரு?"

அப்பாவின் கவலை வேறு. "வடுவோட படத்த அனுப்பி, மொகத்தப் பாத்துட்டுப் பின்வாங்கிட்டாகன்னா என்ன ஆத்தா செய்வே?"

நியாயமான கேள்வி. எனக்கும் பயம்தான். முத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் டீச்சரிடம் சொன்ன பொய்? ஒரு படத்தைக் காப்பாற்ற இன்றைக்கு ஒன்று. கல்யாணமானால் எத்தனை? கதையில் கறை படத்துக்குப் போனது. இங்கே படம் சுத்தமாகிவிட்டது – கறை என்னிடம் வந்துகொண்டிருந்தது.

"பின்வாங்குறதா இருந்தா இப்பவே வாங்கட்டும்ப்பா. தாலி கட்டுற அன்னைக்கு வேணாம்" என்றேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போனேன். பென்சிலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, வடு நிறைந்த கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டி உட்கார்ந்தேன். பவுடர் கொஞ்சம் பூசியிருந்தேன்தான்... ஆசை ஒரே நாளில் போய்விடுமா?

வடுவோடு எடுத்த படம் நேற்றே அரிமளத்துக்குத் தபாலில் போய்விட்டது.