இடது ஓரத்தில் ஒலெக்

ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் கிரிவலப் பாதையில் நின்று அழுதால் என்ன செய்வீர்கள்? நான் சுக்கு காபி வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

ஒலெக், உக்ரைன்காரர். ரமணாசிரமத்துப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். ஃபுட்பாலில் லெஃப்ட் பேக் — இடது ஓரத்தைக் காக்கும் டிஃபெண்டர். ஒரு காலத்தில் அவர் ஊர்க் குழந்தைகளின் சட்டை முதுகில் அவர் பெயர்தான் இருக்குமாம். ஆடிய வருடங்களில் எதிரணி வலைக்குள் ஒரு கோல்கூட அடித்ததில்லை. தன் வலைக்குள் ஒன்று அடித்திருக்கிறார்... கடைசி நிமிடத்தில், பந்து காலில் பட்டு. மேட்ச் போயிற்று. இன்றும் அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த வீடியோதான். புகழ் எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள்!

விடிவதற்கு முன் இருவரும் கிரிவலம் கிளம்புவோம். மலையை ஒட்டி வலப்பக்கம் சித்தர்கள் நடப்பார்கள், நாம் இடது ஓரமாகத்தான் போகணும் என்று முதல் நாளே சொன்னேன். பழகின இடம்தான் என்று சிரித்தார். பனிக்குள் நடக்கும்போது வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். யாருமில்லாத சாலையில் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்குவார். பார்த்துப் பார்த்து எனக்கும் அங்கே காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் ஒரு நாள் கிளம்பும்போதே விஷயத்தைச் சொன்னார். சொந்த ஊர் கிளப், பிள்ளைகளுக்குக் கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறது. அன்றே பதில் சொல்ல வேண்டும். அங்கே நடக்கிற போரைப் பற்றிப் பயமில்லையாம். அந்த ஊர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதுதான் பயம்.

அன்றைக்குப் பார்த்து நண்பர் சலீமும் கூட வந்தார். கலெக்டர் ஆபீஸ் வேலை, ஃபுட்பால் பைத்தியம். அடி அண்ணாமலை அருகே ஒலெக்கை உற்றுப் பார்த்தவர், அந்த செல்ஃப் கோல் நீங்கள்தானே என்று இங்கிலீஷில் கேட்டே விட்டார். நான் சலீமின் கையைப் பிடித்து இழுத்தேன்.

சலீம் நிறுத்தவில்லை. போனில் அதே வீடியோவை ஓட்டினார் — கொஞ்சம் முன்னாலிருந்து.

"இதப் பாருங்க சார்," என்றார் என்னிடம். "எதிர் டீம் ஆளு தனியா பந்தோட போறான். இவங்க ஆளுங்க எல்லாம் அவ்ளோதான்னு நின்னுட்டாங்க. இவரு ஒருத்தர்தான் ஓடியாந்து குறுக்க கால விடறாரு. ஓடலன்னாலும் அது கோல்தான். இவர் பேரு மட்டும் கெட்டிருக்காது."

அதையே ஒலெக்கிடம் இங்கிலீஷில் சொன்னார். அப்போதுதான் அவர் அழுதது.

நம் வீட்டிலும் ஆபீஸிலும் இதே கதைதானே? சும்மா நின்றவர் மேல் ஒரு பழியும் வராது. ஓடி வந்தவர்தான் மாட்டுவார்...

காபியைக் குடித்துவிட்டு அங்கிருந்தே ஊர் கிளப்புக்கு மெசேஜ் போட்டார் ஒலெக். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நேற்று கிளம்பியும் போய்விட்டார். மாடி காலி. மனசு கேட்கவில்லை எனக்கு.

இன்று காலை தனியாக நடந்தேன். வலப்பக்கம் சித்தர்களுக்கு, இடது ஓரம் ஒலெக்குக்கு என்று விட்டுவிட்டு நடுவில் போனேன்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்!